பழுதில்லை என்று கையெழுத்திட்ட துவக்கு

அருமைநாதனுக்குத் துவக்குத் திருத்துவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. கொழும்புக் கோட்டையில், தேயிலைத் தோட்டத் துரைமார் வந்துபோகும் ஒரு துவக்குக் கடையின் பின்கட்டில் பதினெட்டு வருடம் அரமும் இரும்புத்தூளுமாக இருந்தவர். சுடுவதில் அவருக்கு ஆசை கிடையாது. வாழ்நாளில் ஒரு கொக்கைக்கூடச் சுட்டதில்லை. ஒரு பொறி ஏன் இப்படி நடக்கிறது என்று கண்டுபிடிக்கும் வரைக்கும் சோறு இறங்காத மனிதர், அவ்வளவுதான். எழுபத்தோராம் ஆண்டுக் கிளர்ச்சியோடு, தனியாரிடம் இருந்த துவக்குகளைப் பொலிஸில் ஒப்படைக்கும்படி அரசாங்கம் உத்தரவு போட்டது. திருத்துவதற்கு ஒரு துவக்கும் வராத கடையை முதலாளி எத்தனை மாதம்தான் வைத்திருப்பார்? இழுத்துப் பூட்டினார்.

இரண்டு வருடம் சும்மா இருந்தார் அருமைநாதன். மனைவி இரஞ்சிதம் தாதி. அவளுக்கு எழுபத்து நான்கில் மெல்பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டுதான் தானும் வந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகள் இல்லை. ஸ்பிரிங்வேலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு. முதல் வருடம் முழுவதும் ரயில் பெட்டி கழுவினார். இரண்டாம் வருடம் டண்டினோங்கில், மீன்பிடித் தூண்டிலும் வேட்டைச் சாமானும் விற்கிற பியர்ஸ் என்பவரின் கடையில், பின்னால் இருந்த திருத்துமேசையில் இடம் கிடைத்தது.

பியர்ஸ் ஐம்பது வயதுக்காரர். குரல் பெரிது. "உன் பெயரை முழுதாகச் சொல்லி முடிக்க எனக்கு மத்தியானம் ஆகிவிடும்" என்று முதல் நாளே அவரை நேதன் ஆக்கிவிட்டார். ஆனால் வேலையைப் பார்த்த பிறகு மதிப்பு வந்தது. ஒரு வாரத்துக்குள் திருத்துமேசைச் சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து சாவியை இரஞ்சிதத்திடம் காட்டினார் அருமைநாதன்.

"ஏதோ கோயில் திறப்புக் கிடைச்சது போலக் காட்டுறியள்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துத் தானும் சந்தோஷப்பட்டாள்.

எழுபத்தாறாம் ஆண்டு ஏப்ரலில் ஒரு சின்னச் சம்பவம். ஒரு பழைய துவக்கின் குழலுக்குள் வெடிப்பு இருப்பதாக அருமைநாதன் சொன்னார். பியர்ஸ் அதை நம்பி, துவக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லி, வேறொரு கடைக்கு அனுப்பிப் பார்த்தார். வெடிப்பு இல்லை, துப்புரவுக் கம்பி கீறிய கோடு என்று அங்கே சொல்லிவிட்டார்கள். பியர்ஸ் கோபப்படவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எங்கள் நேதனுக்குப் பேய்க்கண். இல்லாததும் தெரியும்." இரண்டு கிழமை அந்தச் சிரிப்பு நடந்தது. அருமைநாதனும் கூடச் சிரித்தார். வேறென்ன செய்வது? பின்கட்டில் வந்து உட்கார்ந்தால் மட்டும் காது சுட்டது.

ஜூன் மாதம் முதல் கிழமை கொலின் வந்தான். வடகிழக்கே, மலை அடிவாரத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவன். நாற்பது வயது இருக்கும். தகப்பன் விட்டுப்போன வேட்டைத் துவக்கு ஒன்றைச் சீலையால் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். கைப்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளித் தோட்டா ஏற்றுகிற ரகம். மரக்கட்டை கண்ணாடி போல மின்னிற்று. அருமைநாதன் அதைக் கையில் வாங்கியதும் கட்டையைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்.

"நன்றாகப் பராமரித்திருக்கிறீர்கள்" என்றார்.

"ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஆளிவிதை எண்ணெய் போட்டுத் தேய்ப்பேன். அப்பா செய்தது மாதிரியே" என்றான் கொலின். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ தன் குடும்பத்துக் குற்றத்தைச் சொல்வது போல, "இது தானாக வெடிக்கிறது" என்றான்.

போன குளிர்காலத்தில் ஒரு முறை, இந்த மே மாதத்தில் ஒரு முறை. விசையில் விரல் இல்லை. பாதுகாப்புப் பூட்டைத் திறக்க முன்னே தள்ளினான், துவக்கு வெடித்தது. இரண்டு முறையும் குழல் நிலத்தைப் பார்த்திருந்ததால் மண்தான் பறந்தது. "தம்பி நீல் நம்பவில்லை. என் விரல் பட்டிருக்கும் என்கிறான்" என்றான். இன்னும் என்னவோ சொன்னான். விடியற்காலையில் மான் பார்க்கப் போகும்போதுதான் என்றான். மலைநாட்டார் ஆங்கிலம், பாதிச் சொல் மூக்குக்குள்ளே போய்விடும். விடியற்காலை என்ற சொல் அருமைநாதனின் காதில் விழுந்தது. வேட்டைக்காரர் விடியற்காலையில்தானே போவார்கள் என்று அதை அப்படியே விட்டுவிட்டார். பியர்ஸ் திருத்த வேலைத் துண்டுச்சீட்டில் எழுதிய குறிப்பில் அந்தச் சொல்லும் இல்லை. 'சில வேளை தானாக வெடிக்கிறது. பார்க்கவும்' என்று மட்டும் இருந்தது.

பழுது இருக்க வேண்டிய இடம் அருமைநாதனுக்கு உடனே தெரிந்தது. இந்த ரகத் துவக்கில், தோட்டாவை அடிக்கிற ஊசியைச் சுருள்வில் ஒன்று முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை விடாமல் பிடித்து நிற்பது ஒரு சின்ன உருக்கு நாக்கு. அந்த நாக்கைக் கீழே இருந்து தாங்குவது விசைத்துண்டு. விசையை இழுத்தால் தாங்கல் விலகும், நாக்கு இறங்கும், ஊசி பாயும். விரலை எடுத்ததும், கைப்பிடியை இழுத்துத் தள்ளியதும், விசைத்துண்டு மறுபடி தன் இடத்துக்கு வந்து நாக்கைத் தாங்க வேண்டும். எப்போதாவது வராமல் நின்றுவிட்டால்? அப்போது நாக்கைப் பிடித்து நிற்பது பாதுகாப்புப் பூட்டு மட்டும்தான். பூட்டைத் திறந்த கணமே ஊசி பாயும். கொலின் சொன்னது அச்சொட்டாக அதுதான்.

ஆனால் அது ஏன் வராமல் நிற்கிறது? அதைத்தான் அவர் பார்க்க வேண்டியிருந்தது. சுருள்வில்லை அளந்தார், பலம் சரி. நாக்கின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார், தேய்வில்லை. யாரும் அரத்தால் ராவிய அடையாளமும் இல்லை. கட்டைக்குள் இரும்பு பொருந்துகிற இடத்தில் மரம் வீங்கி அழுத்துகிறதா என்று பார்த்தார், இல்லை. விசைத்துண்டு இருக்கிற விசைப்பெட்டி மட்டும் ஆணி அறைந்து மூடியபடி இருந்தது. செய்த தொழிற்சாலைக்காரர் அதை வெளியில் திறக்கக்கூடாது என்று முத்திரை போட்டிருந்தார்கள். துவாரத்தால் விளக்கடித்துப் பார்த்தார். கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தது. பழைய எண்ணெய் எல்லாத் துவக்கிலும் இருப்பதுதான்.

தோட்டா இல்லாமல் திங்கட்கிழமை பின்னேரம் இருபது முறை சோதித்தார். கைப்பிடியை இழுத்தார், தள்ளினார், பூட்டைப் போட்டார், திறந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வழக்கத்துக்கு முன்னமே கடைக்குப் போனார். கண்ணாடியில் ஜூன் மாதக் குளிர்கால உறைபனி. பின்கட்டு ஐஸ்பெட்டி போலக் கிடந்தது. மண்ணெண்ணெய் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், மேலங்கியைக் கழற்றாமல், நின்றபடியே துவக்கை எடுத்தார். இழுத்துத் தள்ளினார், பூட்டைப் போட்டார், திறந்தார்.

டிக்.

ஊசி பாய்ந்த சத்தம். அருமைநாதன் தன் வலது கையைப் பார்த்தார். சுட்டுவிரல் விசைக் காவலுக்கு வெளியேதான் இருந்தது. இருந்ததா? குளிரில் விரல் மரத்திருந்தது. பட்டால்கூடத் தெரியாத அளவு மரத்திருந்தது. மறுபடி செய்தார். ஒன்றுமில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து, மேலங்கியைக் கழற்றி, முறையாகக் கதிரையில் உட்கார்ந்து செய்தார். ஐந்து, பத்து, இருபது, முப்பது. ஒன்றுமே இல்லை. மத்தியானம் ஆகும்போது அந்த டிக் சத்தம் அவருக்கே சந்தேகமாகிவிட்டது. விரல்தான் பட்டிருக்கும். வெறும் விரல்.

பியர்ஸிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை முன்கட்டுக்குப் போனார். முதல் முறை பியர்ஸ் யாரோ இரண்டு பேரோடு சிரித்துக்கொண்டிருந்தார். 'பேய்க்கண்' என்ற சொல் காதில் விழுந்தது. அது அந்தப் பழைய கதைதானா, வேறா என்று அருமைநாதன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. இரண்டாம் முறை பியர்ஸ் தனியாகத்தான் இருந்தார். அருமைநாதன் அவரிடம் திருகாணி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வியாழக்கிழமை ஒரு முயற்சி செய்தார். "விசைப்பெட்டியைக் கழற்றி இரண்டு நாள் பெற்றோலில் ஊறப்போட விருப்பம்" என்றார்.

"பழுது கண்டாயா?"

அருமைநாதன் வாயைத் திறந்தார். "இல்லை" என்றார்.

"பிறகு எதுக்கு ஊற வைக்கிறாய்? மகாராணி பிறந்தநாள் விடுமுறைக்குக் கொலினும் தம்பியும் மலைக்குப் போகிறார்களாம். நாளைக் காலையில் வருவான். எத்தனை தரம் சோதித்தாய்?"

"ஐம்பதுக்கு மேல்."

"ஐம்பது போதும் நேதன். துண்டை எழுது."

அவர் எழுதினார். 'ஐம்பது முறை சோதிக்கப்பட்டது. பழுது காணப்படவில்லை.' கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை கொலின் வந்து துவக்கை வாங்கினான். "அப்போ என் விரல்தானா?" என்று கேட்டான். பியர்ஸ் அவன் தோளில் தட்டினார். அருமைநாதன் பின்கட்டில் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம், உறைபனி மூடிய ஒரு மலைச்சரிவில், கொலின் பாதுகாப்புப் பூட்டைத் திறந்தான். பத்து அடி முன்னால் தம்பி நீல் கம்பிவேலிக்குள்ளால் குனிந்து போய்க்கொண்டிருந்தான். அவனை வாகனம் நிற்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. வரும் வழியில் உயிர் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்த பொலிஸ்காரர்தான் இதைச் சொன்னார். துண்டின் பிரதியை வாங்கினார். அருமைநாதனிடம், "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்டார். ஆம் என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவர் போனபின் அருமைநாதன் மூலத் துண்டில் இருந்த தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

மூன்று கிழமை போனது. பொலிஸின் துவக்கு நிபுணரும் துவக்கைப் பரிசோதித்துவிட்டுப் பழுது இல்லை என்றே எழுதினார். பியர்ஸ் அந்தச் செய்தியைப் பெரிய ஆறுதலோடு கொண்டுவந்தார். "நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். விரலை விசையில் வைத்துக்கொண்டு தம்பிக்குப் பின்னால் நடந்திருக்கிறான். அவன் மேல் வழக்குப் போடுவார்கள் போல் இருக்கிறது" என்றார். அந்த ஆறுதல் அருமைநாதனுக்கு வரவில்லை. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்பினார். தலைமயிர் கையோடு வந்தது. இரஞ்சிதம் கேட்கும்போதெல்லாம், "வயிறு சரியில்லை" என்றார்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை இரஞ்சிதம் குசினியில் நின்று தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குளிருக்கு எண்ணெய் கல்லாப் போச்சு. ஒரு சொட்டு விழுகுதில்லை. இஞ்சாருங்கோ, இதைக் கொஞ்சம் அந்த ஹீட்டருக்குக் கிட்ட வையுங்கோ."

அருமைநாதன் போத்தலை வாங்கினார். ஹீட்டருக்கு முன்னால் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் வெள்ளை கரைந்தது. மெல்ல மெல்ல எண்ணெய் அசைந்தது. சாய்த்தால் ஓடியது.

அவர் போத்தலை மறுபடியும் சாய்த்துப் பார்த்தார். விசைப்பெட்டிக்குள் தெரிந்த பழுப்பு. வருடா வருடம் கட்டையில் தேய்த்த ஆளிவிதை எண்ணெய், சொட்டுச் சொட்டாக உள்ளே கசிந்து, காய்ந்து, பிசினாகி இருக்கிறது. சூட்டில் அது இளகி இருக்கும். விசைத்துண்டு ஓடும், வரும். உறைபனியில் அது இறுகிப் பிடித்துவிடும். விசைத்துண்டு திரும்பி வராது. கொலினுக்கு விடியற்காலையில். தனக்கு அடுப்புப் பற்றவைக்காத அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையில். பொலிஸ் நிபுணர் சூடான அறைக்குள் இருந்து நூறு முறை பார்த்தாலும் காணமாட்டார்.

"இரஞ்சிதம்," என்றார். "நான் அதைக் கேட்டனான்."

"எதை?"

"அந்தத் துவக்கு. ஊசி ஒருக்கா தானாப் பாஞ்சது. நான் கேட்டனான். கேட்டுப்போட்டுத்தான் இல்லையெண்டு எழுதினனான்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவர் முழுவதையும் சொன்னார்.

"ஏன் அப்ப சொல்லேல்லை?"

"சிரிப்பாங்கள் எண்டு."

அந்த வார்த்தையை வெளியே சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னது என்று அவருக்கே தெரிந்தது. ஒரு மனிதன் செத்துப்போன காரணம் அது. கைக்குள் பிடித்தால் கடுகளவு இராது.

"வோர்டிலை மருந்து மாறிப்போனால் எழுதி வைக்கச் சொல்லுவினம்," என்றாள் இரஞ்சிதம். "வேலை போகும் எண்டு தெரிஞ்சும் எழுதத்தான் வேணும். எழுதாட்டி அடுத்த ஆளும் சாகும். அந்த மனிசனை மறியற்சாலைக்கு அனுப்பப்போறாங்களே. நீங்கள் சொல்லத்தான் வேணும்."

"சொன்னால் செத்தவன் வருவானோ?"

"வரமாட்டான்." அவள் அழுதாள். "எண்டாலும் சொல்லுங்கோ."

திங்கட்கிழமை பியர்ஸிடம் சொன்னார். பியர்ஸின் பெரிய குரல் முதல் முறையாகச் சிறுத்தது. கதவைச் சாத்திவிட்டு, "யாரிடமாவது சொன்னாயா?" என்று கேட்டார்.

"மனைவியிடம்."

"அதோடு நிறுத்து. பொலிஸே பழுது இல்லை என்கிறது. உன்னை யாரும் கேட்கவில்லை. இந்தக் கடையை என் தகப்பன் தொடங்கியது, நேதன். நீ அங்கே போய் இதைச் சொன்னால் இந்த மேசைக்கு இனி ஒருவனும் துவக்குக் கொண்டுவரமாட்டான்." சற்று நிறுத்தி, கெஞ்சுவது போல, "உன் விரலாக இருக்கலாம் என்று நீயே சொல்கிறாய்" என்றார்.

"இல்லை. இப்போது தெரியும், விரல் இல்லை."

"அப்போது ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அதற்கு அருமைநாதனிடம் பதில் இருந்தது. சொன்னால் பியர்ஸ் உடைந்துபோவார் என்று தெரிந்தது. சொல்லவில்லை.

செப்டெம்பரில் மரண விசாரணை நடந்தது. அருமைநாதன் கல்யாண உடுப்புப் போல இருந்த ஒரே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தார். விசாரணை அதிகாரி துண்டை நீட்டி, இதில் எழுதியிருப்பது உண்மையா என்று கேட்டார்.

"ஐம்பது முறை சோதித்தது உண்மை. பழுது காணவில்லை என்பது உண்மை இல்லை."

மண்டபத்தில் ஓர் அசைவு. பியர்ஸ் நிலத்தைப் பார்த்தார். அருமைநாதன் மெதுவாக, இலக்கணம் பிழைத்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, செவ்வாய்க்கிழமைக் காலையைச் சொன்னார். பிறகு குளிரைப் பற்றிச் சொன்னார். எண்ணெயைப் பற்றிச் சொன்னார். துவக்கை ஓர் இரவு குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சோதிக்கும்படி கேட்டுக்கொண்டார். விசாரணை ஒரு கிழமை தள்ளிவைக்கப்பட்டது.

அடுத்த கிழமை பொலிஸ் நிபுணர் வந்து அறிக்கை வாசித்தார். குளிரில் வைத்து எடுத்துப் பத்து முறை சோதித்ததில் நான்கு முறை ஊசி தானாகப் பாய்ந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே காய்ந்த எண்ணெய்ப் பிசின். நிபுணர் அதைச் சொல்லும்போது அருமைநாதன் இருக்கும் பக்கம் ஒரு முறை பார்த்தார். தொழிலாளிக்குத் தொழிலாளி பார்க்கிற பார்வை அது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அருமைநாதன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரஞ்சிதத்திடம் சொல்லியிருப்பார்.

தீர்ப்பு தற்செயலான மரணம் என்று வந்தது. கொலின் மேல் குற்றமில்லை. திருத்துநர் தாம் கண்டதை மறைத்தது கவலைக்குரியது, வழக்குக்குரியது அல்ல என்று ஒரு வரி. வாசித்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே நடைக்கூடத்தில் கொலின் நின்றான். ஜூன் மாதத்தில் கண்ட ஆளா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிந்திருந்தான். அருமைநாதன் அவனைத் தாண்டிப் போக முடியாமல் நின்றார். மன்னிப்புக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பத்து வசனம் பாடமாக்கி வைத்திருந்தார். முதல் வசனத்தை எடுக்கும் முன்னே அவன் முந்திக்கொண்டான்.

"உனக்குக் கேட்டது," என்றான் கொலின்.

"ஆம்."

"செவ்வாய்க்கிழமை கேட்டது. வெள்ளிக்கிழமை என் கையில் கொடுத்தாய்."

"ஆம்."

அடிப்பான் என்று அருமைநாதன் நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். கொலின் அடிக்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி, மிக மெதுவாகப் பேசினான்.

"மூன்று மாதம் என் விரல்தான் என்று நினைத்தேன். அதோடு எப்படியோ பழகிக்கொண்டு வந்தேன். இப்போது விரல் இல்லை என்கிறாய். எண்ணெய் என்கிறாய். அந்த எண்ணெயைத் தேய்த்தது யார்?" அவனே பதிலும் சொன்னான். "ஒவ்வொரு கிறிஸ்மஸும். நீல் பக்கத்தில் பியர் குடித்துக்கொண்டு என்னைப் பகிடி பண்ணுவான். பெண்டாட்டியைவிட அதைத்தான் தடவுகிறாய் என்று."

அருமைநாதன் அவன் கையைத் தொடப் போனார். கொலின் கையை இழுத்துக்கொண்டான். சட்டென்று, சூடான பாத்திரத்தில் இருந்து எடுப்பது போல. பிறகு படியிறங்கிப் போனான். உண்மையைச் சொன்னால் அந்த மனிதனின் தலையில் இருந்து ஒரு பாரமாவது இறங்கும் என்று நம்பித்தான் அருமைநாதன் வந்திருந்தார். இறக்கியதற்குப் பதிலாக இன்னொன்றைத் தூக்கி வைத்துவிட்டதைக் கண்ணால் பார்த்தார்.

பியர்ஸ் அவரை நீக்கவில்லை. நீக்க வேண்டி வரவில்லை. அக்டோபர் முழுவதும் திருத்துமேசைக்கு ஒரு துவக்கும் வரவில்லை. ஒரு நாள் அருமைநாதன் தானாகவே சாவியை மேசையில் வைத்தார். பியர்ஸ் அதை எடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அருமைநாதன் வேறு மூன்று கடைகளில் வேலை கேட்டுப் பார்த்தார். இரண்டு இடத்தில் பெயரைக் கேட்டதும் முகம் மாறிற்று. மூன்றாம் இடத்தில் மேசையில் இருந்த ஒரு துவக்கைக் கொடுத்து, பார்த்துச் சொல் என்றார்கள். கைப்பிடியை இழுத்தார். தள்ளினார். பூட்டில் பெருவிரலை வைத்தார். அந்த விரல் அசையவில்லை. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். துவக்கை மெல்லக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, தரிப்பிடத்தில் நான்கு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்.

அதற்குப் பிறகு அட்டைப்பெட்டி செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். மடிப்பதும் அடுக்குவதும்தான் வேலை. கிரேக்கப் பெண்களும் யூகோஸ்லாவியர்களும் சிலியில் இருந்து வந்தவர்களும் வேலை செய்தார்கள். யாருக்கும் யாருடைய கதையும் தெரியாது. அது அவருக்கு வசதியாக இருந்தது. வீட்டில் பேச்சுக் குறைந்தது. இரஞ்சிதம் மாதம் ஒரு முறை கொலினுக்குக் கடிதம் எழுதச் சொல்வாள். அவர் எழுதுவார். விலாசம் எழுதும் இடத்தில் நின்றுவிடும். ஒரு நாள் அவளே ஒன்றை எடுத்துத் தபாலில் போட்டாள். பதில் வரவில்லை. திரும்பியும் வரவில்லை.

"நான்தான் உங்களைச் சொல்லச் சொன்னனான்," என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தால் நடந்து வரும்போது. "சொல்லாமல் விட்டிருந்தால் நீங்கள் இப்பிடி ஆகியிருக்கமாட்டியள், என்ன?"

"சொல்லாமல் விட்டிருந்தால் இதைவிட மோசமாயிருப்பன்," என்றார். அது உண்மையா என்று அவருக்குத் தெரியாது. அவளுக்காகச் சொன்னார். அவளும் நம்பியது போல் தலையாட்டினாள்.

எழுபத்தெட்டு மே மாதத்தில் ஒரு நாள், தொழிற்சாலையில் அட்டையை இழுத்துவரும் பட்டி நின்றுபோனது. இயந்திரத் திருத்துநர் அன்று லீவு. மேற்பார்வையாளர் ஒரு நல்ல இத்தாலியர். சேரும்போது கொடுத்த படிவத்தில் அருமைநாதன் முன்னைய தொழில் என்ற இடத்தில் எழுதியிருந்ததை எப்போதோ பார்த்திருந்தார்.

"நீ பொறி திருத்துகிற ஆளாமே. கொஞ்சம் வந்து பாரேன்."

அருமைநாதன் போய்ப் பார்த்தார். நிற்பதற்கு முன்னால் அது போட்ட சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் உருளையின் அச்சுத்தாங்கி எண்ணெய் வறண்டு இறுகியிருக்கிறது. மூடியைக் கழற்றினால் பத்து நிமிட வேலை. மேற்பார்வையாளர் ஸ்பானரை நீட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"என்ன, பழுது தெரிகிறதா?"

அருமைநாதன் ஸ்பானரை வாங்கவில்லை. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது," என்றார்.

மேற்பார்வையாளர் தோளைக் குலுக்கிவிட்டுத் தொலைபேசி இருந்த அறைக்குப் போனார். வெளியில் இருந்து ஆள் வர மத்தியானம் ஆகும் என்றார்கள். பெண்கள் அட்டைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து கோப்பிப் போத்தல்களைத் திறந்தார்கள். ஒருத்தி அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஆறும் வரைக்கும் குடிக்காமல் இருந்தார்.